ஓதத் தெரிந்தவர்களின் தமிழ்

முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால், ஊரில் அடுத்ததாக வரும் கேள்வி "என்ன பாடம் மகள்?" என்பதுதான். "பண்பாடும் தொழில்நுட்பமும்" என்று பதில் சொன்னால் கேட்டவர் ஒரு கணம் யோசிப்பார். பிறகு, "அப்ப கொம்பியூட்டரா, தமிழா?" என்பார். என் மாமி ஒருவர் இன்றுவரை அயலவரிடம், "அவ கொம்பியூட்டர் படிக்கிறா" என்றே சொல்லி வருகிறார். அதைத் திருத்தும் எண்ணத்தை நான் கைவிட்டுப் பல காலமாகிறது. இம்மலரின் ஆசிரியர் குழுவிலுள்ள தங்கையரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பதிலைக் கட்டுரையாகவே தந்துவிடுங்கள் என்றார்கள். பழைய மாணவி என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

தொழில்நுட்பம் என்றால் இன்று நம் எல்லோருக்கும் கைத்தொலைபேசிதான் நினைவுக்கு வரும். என் ஆய்விலோ அது ஒரு சுண்ணாம்புக் கல்லில் தொடங்குகிறது. நம் உம்மும்மாமாரின் பெட்டியிலும் அலுமாரியின் மேல்தட்டிலும் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் பழைய கிதாபுகளைப் பார்த்திருப்பீர்கள். அறபு எழுத்தில் இருக்கும். ஆனால் வாசித்தால் தமிழாக ஒலிக்கும். அந்தப் புத்தகங்கள் எப்படி அச்சாகின, ஏன் அச்சாகாமற் போயின, இனி அவற்றை யார் வாசிப்பார்? இந்த மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் நான் அலைகிறேன்.

அறபுத் தமிழ் தனியொரு மொழியன்று. தமிழை அறபு எழுத்தில் எழுதும் முறை அது. காயல்பட்டினம், கீழக்கரை முதலான கரையோர ஊர்களிலும் இலங்கையிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் அதைக் கையாண்டனர். 'அர்வி' என்றும் சொல்வர். இது நமக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ண வேண்டாம். கேரளத்தில் அறபு மலையாளம் இருந்தது. மலாய் மொழிக்கு ஜாவி எழுத்து இருந்தது. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் முஸ்லிம்கள் ஆபிரிக்கான்ஸ் மொழியைக்கூட அறபு எழுத்தில் எழுதினார்கள். அபூபக்கர் எஃபெந்தி அவர்களுக்காக அப்படி எழுதிய மார்க்க நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாகியது. தாய்மொழி ஒன்று, ஓதும் எழுத்து இன்னொன்று என்று இருந்த பல சமூகங்கள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன.

ஏன் அப்படி எழுத வேண்டும், தமிழுக்குத்தான் நல்ல எழுத்து இருக்கிறதே என்று கேட்கலாம். குர்ஆன் மத்ரஸாவுக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் விடை தெரியும். அறபில் உள்ளத்தைக் குறிக்கும் சொல் 'காஃப்' என்ற தொண்டை அடி எழுத்தில் தொடங்கும். நாயைக் குறிக்கும் சொல் சாதாரண 'கேஃப்' எழுத்தில் தொடங்கும். இரண்டையும் தமிழில் எழுதினால் 'கல்பு' என்றே வரும். துஆவில் வரும் ஒரு சொல்லை இப்படி எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மார்க்க நூலொன்றைத் தமிழில் எழுதும் ஆலிம், வரிக்கு வரி அறபுச் சொற்களைச் சரியான உச்சரிப்போடு தர வேண்டியிருந்தது. அதற்குத் தமிழ் எழுத்து போதவில்லை.

மறுபக்கத்தில் அறபு எழுத்தும் தமிழுக்குப் போதவில்லை. அறபில் பகரம் இல்லை. டகரம், ணகரம், றகரம் இல்லை. எகரமும் ஒகரமும் இல்லை. நம் முன்னோர் இதற்குக் கண்ட வழி மிக எளிமையானது: புள்ளி. 'தால்' எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் டகரம். 'நூன்' எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் ணகரம். 'ரே'க்குக் கீழே வைத்தால் றகரம். நாவை மடக்கி ஒலிக்கும் ளகர ழகரங்களுக்காக 'ழாத்' எழுத்தின் பக்கம் போனார்கள். இலங்கையில் நாம் இன்றும் 'ரமழான்' என்று ழகரம் போட்டு எழுதுவதும், தமிழ்நாட்டார் 'ரமலான்' என்று எழுதுவதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லில்கூட ஒரு பழைய எழுத்து மரபின் சுவடு இருக்கிறது.

இந்த எழுத்தில் என்னவெல்லாம் எழுதினார்கள்? தொழுகை, நோன்பு பற்றிய சட்ட நூல்கள், மாலைகள், மசலாக்கள், கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள். கீழக்கரையைச் சேர்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கைக்கும் வந்து போனவர். அவர் அறபுத் தமிழில் எழுதிய 'பத்ஹுத் தய்யான்' ஷாஃபிஈ மத்ஹபின் சட்டங்களைச் சாதாரண மக்களுக்கு விளக்கும் நூல். அது பின்னர் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் வெளியிட்ட பெரிய ஆங்கில நூலைப் புரட்டினால் இந்த இலக்கியத்தின் அகலம் புரியும். நம் நாட்டுப் பேராசிரியர் ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைத் தேடித் தொகுத்த உழைப்பும் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் எங்கே தொடங்குவது என்றே தெரியாமல் நின்றிருப்போம்.

கல்லும் ஈயமும்

இப்போது அந்தச் சுண்ணாம்புக் கல்லுக்கு வருகிறேன்.

ஐரோப்பாவில் கூட்டன்பேர்க் தனித்தனி ஈய எழுத்துகளைக் கோத்து பைபிளை அச்சிட்டது 1455ஆம் ஆண்டளவில். தமிழ் அச்சேறியது 1578இல், கொல்லத்தில். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சுக்கூடம் 1737இல் இயங்கியது. ஆனால் உஸ்மானியப் பேரரசில் இப்ராஹிம் முதஃபர்ரிகாவின் அச்சகத்திலிருந்து முதல் நூல் வந்தது 1729இல்தான். முஸ்லிம்கள் அச்சை வெறுத்தார்கள் என்று இதற்கு ஒரே வரியில் காரணம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது அரைகுறை விளக்கமாகவே படுகிறது. எழுத்தின் இயல்பையும் பார்க்க வேண்டும்.

அறபு எழுத்துகள் கைகோத்து நடப்பவை. ஓர் எழுத்து சொல்லின் முதலில் வந்தால் ஒரு வடிவம், நடுவில் வந்தால் இன்னொன்று, கடைசியில் வந்தால் வேறொன்று, தனித்து நின்றால் வேறொன்று. இவற்றுக்கு மேலும் கீழும் ஃபத்ஹு, கஸ்ரு, ழம்மு, ஷத்து. இவை எல்லாவற்றையும் ஈயத் துண்டுகளாக வார்த்து, நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட பெட்டியில் அடுக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். அறபுத் தமிழுக்கு இன்னும் பல புதிய வடிவங்கள் வேண்டும். செலவு எவ்வளவு! அதுவும் ஒரு சிறிய சமூகம் மட்டும் வாங்கும் புத்தகத்துக்கு.

கல்லச்சு இந்தச் சிக்கலை ஒரே அடியில் அறுத்தது. 1796 அளவில் ஜேர்மனியின் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அவர் ஒரு நாடக ஆசிரியர். தன் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியவர். (எழுதுகிறவர்களின் வறுமையும் சில நேரம் உலகுக்கு உதவுகிறது!) முறை இதுதான். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுத வேண்டும். பிறகு கல்லை நீரால் நனைத்து அச்சு மையை உருட்ட வேண்டும். எழுதிய இடம் மையைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த இடம் மையைத் தள்ளிவிடும். எண்ணெயும் நீரும் சேரா என்பது சமையலறையில் நாம் தினமும் காணும் உண்மை. அந்த உண்மையின் மேல் ஓர் அச்சுத் தொழிலே நின்றது. கல்லில் நேரே எழுதினால் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுத வேண்டும். அதைத் தவிர்க்க, தனித் தாளில் வழமைபோல் எழுதி, அதைக் கல்லின் மேல் அழுத்திப் பதியச் செய்யும் முறையும் வந்தது.

இதன் பொருள் என்னவென்றால், எழுத்து வார்ப்பவர் தேவையில்லை. எழுத்துக் கோப்பவர் தேவையில்லை. அழகாக எழுதத் தெரிந்த ஒரு காதிப் போதும். அவர் எத்தனை புள்ளி வைத்தாலும் கல் ஏற்றுக்கொள்ளும். ஓரத்தில் விளக்கக் குறிப்பைச் சரிவாக எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். வாங்குகிறவருக்கும் அது தான் பழகிய கையெழுத்துப் பிரதி போலவே தெரிந்தது. 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் உருது, பாரசீக, அறபு நூல்களைப் பெருந்தொகையாகக் கல்லச்சில் வெளியிட்டது. நம் தலைநகரிலும் 1869இல் பாபா யூனுஸ் சல்தின் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை அறபு எழுத்தில், கல்லச்சில் கொண்டுவந்தார். அறபுத் தமிழ்க் கிதாபுகள் பெருகிப் பரவியதும் இந்தக் கல்லின் புண்ணியத்தால்தான்.

ஆகவே, "நம்மவர் பழமையில் ஊறியிருந்ததால் அறபு எழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அந்தக் காலத்தின் புதிய கருவியைத் தேடிப் பிடித்துத் தம் எழுத்துக்குப் பொருத்தியவர்கள் அவர்கள்.

"எனக்குப் படிக்கத் தெரியா"

கிழக்கில் ஓர் ஊரில் ஒரு மூத்தம்மாவைச் சந்தித்தேன். எண்பதைத் தாண்டியவர். பாடசாலைப் பக்கமே போனதில்லை. முன்னறையில் பாயை விரித்து உட்கார வைத்துவிட்டு, துணிக்கட்டை அவிழ்த்துக் கிதாபை எடுத்தார். நான் கேட்கும் முன்னரே, "எனக்குப் படிக்கத் தெரியா மகள். இத ஓதத்தான் தெரியும்" என்றார். பிறகு அரை மணித்தியாலம் நிறுத்தாமல், இராகத்தோடு, ஒரு மாலையை வாசித்தார். விரல் வலமிருந்து இடமாக நகர்ந்தது. வாயிலிருந்து தமிழ் வந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லி, "இது இப்ப ஒருவருக்கும் விளங்காது" என்று சிரித்தார்.

படிப்பது வேறு, ஓதுவது வேறு என்று அவர் வகுத்திருந்தார். நாமும் அப்படித்தான் வகுத்திருக்கிறோம். பாடசாலைச் சான்றிதழ் இல்லாத, தமிழ் எழுத்துத் தெரியாத பெண்களை 'படிக்காதவர்கள்' என்ற ஒரு சொல்லால் ஒதுக்கிவிட்டோம். ஆனால் அவர் தன் தாய்மொழியில் ஒரு முழு நூலை வாசிக்கிறார், பொருள் சொல்கிறார், பிழையாக வாசிக்கிறவரைத் திருத்துகிறார். இதற்கு எழுத்தறிவு என்றல்லாமல் வேறென்ன பெயர்? வெளியே பாடசாலைக்குப் போகாத காலத்திலும் நம் பெண்பிள்ளைகள் வீட்டிலோ அயல்வீட்டிலோ ஓதக் கற்றார்கள். குர்ஆன் ஓதக் கற்ற அந்த எழுத்தே அவர்களுக்குத் தமிழ்ப் புத்தகத்தின் கதவையும் திறந்து விட்டது. இரண்டாவது எழுத்து ஒன்றைக் கற்கும் செலவோ காலமோ தேவைப்படவில்லை. அறபுத் தமிழின் பெரிய பயனாளிகள் பெண்கள் என்று நான் கருதுவது இதனால்தான்.

அப்படியானால் அது ஏன் நின்றது? துருக்கியில் இந்தக் கேள்விக்குத் திகதியோடு விடை உண்டு. 1928 நவம்பரில் சட்டம் வந்தது. அறபு எழுத்து போய் இலத்தீன் எழுத்து வந்தது. பேரப்பிள்ளைகளால் பாட்டனாரின் கபுறுக்கல்லை வாசிக்க முடியாமற் போனது. இலங்கையில் எவரும் சட்டம் போடவில்லை. கருவிகளும் சந்தையும் பாடசாலையும் சேர்ந்து மெல்ல மெல்ல அதைச் செய்தன.

19ஆம் நூற்றாண்டில் தமிழ் ஈய எழுத்து மலிந்துகொண்டே வந்தது. மிஷனரிமார், அரசாங்கம், பாடநூல் வெளியிடுவோர், பத்திரிகை நடத்துவோர் என்று பலரும் அதே எழுத்தை வாங்கியதால் செலவு பகிரப்பட்டது. கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அறிஞர் சித்திலெப்பை (1838–1898) 1882 டிசெம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது தமிழ் எழுத்தையே தேர்ந்தார். 1885இல் அவரது 'அசன்பே சரித்திரம்' நாவலும் தமிழ் எழுத்திலேயே வந்தது. அவருடைய நோக்கில் அது சரியான தெரிவு. முஸ்லிம் பிள்ளைகள் நவீன கல்வி கற்க வேண்டும், நாட்டின் மற்றவர்களோடு பேச வேண்டும், வழக்கும் வணிகமும் நடத்த வேண்டும் என்று எழுதியவருக்கு அதுவே பொருத்தம். அந்தத் தெரிவின் பலனாகத்தான் நீங்களும் நானும் இந்தக் கல்லூரியில் தமிழில் கற்றோம். அதனால் ஒன்று பெற்றோம் என்பதையும் மற்றொன்று கையைவிட்டுப் போனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தட்டச்சு இயந்திரம் வந்தபோது இடைவெளி இன்னும் அகன்றது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா சிங்கப்பூரில் இருந்து தமிழுக்கு விசைப்பலகை அமைக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 247 எழுத்தை ஒரு சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டுமே! தமிழுக்கே அந்த நிலை என்றால், அறபுத் தமிழுக்கு யார் இயந்திரம் செய்வார்? கருவி எழுத்தையே மாற்றிவிடுவதும் உண்டு. வீட்டிலுள்ள பழைய தமிழ்ப் புத்தகங்களில் ணை, லை, னை முதலியவற்றை யானைத் தும்பிக்கை போல் வளைத்து எழுதியிருப்பதைக் காணலாம். 1978இல் தமிழ்நாடு அரசு அவற்றைச் சீர்திருத்தியபோது அச்சும் தட்டச்சும் எளிதாகும் என்பது ஒரு முக்கிய காரணம். அந்தத் தும்பிக்கையை இன்றைய பிள்ளைகள் பலர் அடையாளம் காண்பதில்லை.

சீ, கே, அரைப்புள்ளி

பெற்றோர் சிலர், "அது அந்தக் காலத்துக் கதை; இப்போது எல்லாம் கணினியில் பத்திரமாக இருக்கிறதே" என்று சொல்லக்கூடும். எனக்கு அதிகம் கவலை தருவது இந்த இடம்தான்.

நம் நாட்டில் நெடுங்காலம் புழங்கிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். திருமண அழைப்பிதழ் முதல் பாடசாலை மலர் வரை அதில்தான் அடித்தார்கள். ஆங்கில விசைப்பலகையில் 'சீ' விசையைத் தட்டினால் திரையில் உகரம் தெரியும். 'கே' மகரம். அரைப்புள்ளி விசை, எழுத்தின் மேல் வைக்கும் குற்று. 'எச்' அரவு. ஆகவே 'உம்மா' என்ற சொல் கணினியின் நினைவில் சீ, கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் உம்மா வரமாட்டா. அந்த ஐந்து குறிகள்தான் வரும். பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளில் வடிவமைத்து இறுவட்டில் இட்டு வைத்த மலர்களின் கதி அதைவிட மோசம். திறக்கவே வழி தேட வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய கோப்பு திறக்க மறுக்கும்போது, நூறு வருடத்துக்கு முந்தைய கல்லச்சுத் தாள் விரித்தவுடன் வாசிக்கத் தருகிறது. எது பத்திரம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

யுனிகோட் முறை இந்தக் குழப்பத்துக்கு ஒரு தீர்வு. உலகின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனக்கென ஓர் எண். எந்தக் கணினியும் அந்த எண்ணை அதே எழுத்தாகவே படிக்கும். 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழும் அறபும் இடம்பெற்றன. அறபுத் தமிழுக்கு வேண்டிய புள்ளி வைத்த எழுத்துகள் பலவும் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை வேறு மொழிகளின் பெயரால் நுழைந்தவை. நம் டகரமான, கீழே புள்ளி வைத்த 'தால்' சிந்தி மொழிக்காரருக்கும் வேண்டிய எழுத்து. ஆகவே எழுத்துக்கு எண் இருக்கிறது. தட்டுவதற்கு வசதியான விசைப்பலகையும், புள்ளிகளை மோதாமல் காட்டும் எழுத்துருவும், கல்லச்சுப் பக்கத்தைப் பார்த்துத் தானாக வாசிக்கும் மென்பொருளும் வேண்டும். அச்செழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்கள் தமிழுக்கும் உண்டு, அறபுக்கும் உண்டு. கல்லச்சோ ஒருவருடைய கையெழுத்து. காதிபுக்குக் காதிப் மாறும். அதற்குக் கணினியைப் பழக்க வேண்டுமானால், முதலில் மனிதர் ஒருவர் நூற்றுக்கணக்கான பக்கங்களை வரிக்கு வரி பெயர்த்து எழுதித் தர வேண்டும். என் நாளின் பெரும்பகுதி இப்போது இந்தப் பெயர்ப்பு வேலையில் போகிறது.

ஒரு சிறு பேச்சு இங்கே. வாட்ஸ்அப்பில் நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதைப் பார்த்து வாப்பாமார் கோபிக்கிறார்கள். நான் அவ்வளவு கோபிக்கமாட்டேன். கைக்குப் பழகிய எழுத்தில் தாய்மொழியை எழுதுவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்னோர் ணகரத்துக்கும் றகரத்துக்கும் தனித்தனிப் புள்ளி வைத்தார்கள். நாமோ லகர ளகரங்களை ஒரே ஆங்கில எழுத்தில் போட்டுவிடுகிறோம். "வாப்பா பள்ளிக்குப் போயிட்டாங்க" என்று தோழி அனுப்பிய செய்தி, "வாப்பா பல்லிக்குப் போயிட்டாங்க" என்றும் வாசிக்கக் கிடக்கிறது!

உங்களிடம் உள்ள இரண்டு திறப்புகள்

அறபுத் தமிழை வாசிக்க இரண்டு அறிவு வேண்டும்: அறபு எழுத்தைக் கூட்டி ஓதத் தெரிய வேண்டும், தமிழ் தெரிய வேண்டும். பெரிய பல்கலைக்கழகங்களில் அறபு கற்ற ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் கற்ற ஆய்வாளருக்கு அறபு எழுத்துத் தெரியாது. இரண்டும் கையிலிருப்பவர்கள் இந்தக் கல்லூரியின் எட்டாம் வகுப்பிலேயே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். 'உம்மா' என்பதைக் கூட்டிப் பாருங்கள்: அலிஃபுக்கு ழம்மு, மீமுக்கு ஷத்தும் ஃபத்ஹும், பிறகு நீட்டும் அலிஃப். வாசித்துவிட்டீர்கள். இனிப் புதிதாகக் கற்க வேண்டியவை புள்ளி மாறிய சில எழுத்துகளும், எகர ஒகரங்களுக்கான குறிகளும்தான்.

அவசரம் ஏன் என்றால், புத்தகங்கள் காத்திருக்கப் போவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களுள் யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் அலுமாரியின் மேல்தட்டை யார் நினைப்பார்? 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்தபோது கிழக்கிலும் தெற்கிலும் கரையோர வீடுகள் வீட்டோடு போயின. இவை போக, சத்தமில்லாத ஓர் அழிவும் உண்டு. அறபு எழுத்துள்ள தாள் காலில் படக்கூடாது என்ற மரியாதையால், கிழிந்த கிதாபுகளை முஸ்ஹபுத் தாள்களோடு சேர்த்து நாம் புதைத்துவிடுகிறோம், அல்லது எரித்துவிடுகிறோம். அது மரியாதைதான். புதைக்கும் முன் உள்ளே இருப்பது என்ன என்று ஒருமுறை வாசித்துப் பார்ப்பதும் மரியாதைதான் என்பது என் தாழ்மையான கருத்து.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருடத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். லமினேட் செய்யக் கொடுக்காதீர்கள். வெயிலில் காயப் போடாதீர்கள். யன்னலோரம் பகல் வெளிச்சத்தில், பளிச்சொளி போடாமல், புத்தகத்தை முழுதாக மடக்கி விரிக்காமல், ஒவ்வொரு பக்கமாகக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் என்பதை மறவாமல் படங்களுக்கு இலக்கமிடுங்கள். வீட்டில் ஓதத் தெரிந்த மூத்தம்மா இருந்தால் அவர் ஓதுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். இராகம் எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இருப்பதால், வீட்டார் விரும்பினால் படத்தைப் பத்திரப்படுத்த இடமுண்டு. புத்தகம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

கடைசிப் பக்கத்தைக் கவனமாகப் பாருங்கள். எழுதிய காதிபின் பெயர், அச்சான ஊர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆண்டு அறபு இலக்கத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். முஸ்ஹபின் பக்க எண்களில் நீங்கள் தினமும் காணும் இலக்கங்கள்தான். ஹிஜ்ரி ஆண்டை 33ஆல் வகுத்து, வந்த எண்ணை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 1300 என்று இருந்தால்: 33ஆல் வகுக்க ஏறத்தாழ 39, கழித்தால் 1261, 622ஐக் கூட்டினால் 1883. ஹிஜ்ரி 1300 உண்மையில் தொடங்கியது 1882 நவம்பரில். அடுத்த மாதம் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது.